பின்னங்கால் தளர்ந்த குட்டி

சுதந்திரம் வந்த இரண்டாம் வருஷம், கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து ராயபுரத்துக்கு வந்தேன். அவர் காலையில் பருப்பு மண்டிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். இந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பாதி புரியாது. பகலெல்லாம் நான் பேசியது ஒரு பூனைக்குட்டியிடம்தான்.

ஒருநாள் அது வழக்கம்போல ஜன்னலுக்குத் தாவியது. முன்னங்கால்கள் பற்றிக்கொண்டன, பின்னங்கால்கள் வழுக்க, குட்டி கீழே விழுந்தது. எழுந்து நடந்தபோதுதான் கவனித்தேன். இடுப்பு ஆட, பின்னங்கால்களை இழுத்து இழுத்து வைத்தது. தெரியாமல் மிதித்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். கேட்க ஆளில்லை.

மறுநாள் மீன் கூடையோடு தெருவில் போன பெண், வாசலில் குட்டியைப் பார்த்து நின்றாள்.

“இன்னாம்மா, காலை இழுத்துகினு கீது? துன்றதுக்கு இன்னா குடுக்கறே?”

“பால்சோறுதான் அக்கா.”

“வெறும் சோறு துன்னா எலும்புல தெம்பு எப்டி வரும்? முள்ளோட மீனு குடு.”

“எங்க வீட்ல மீனு சேத்துக்கிட மாட்டோம்.”

அவள் கூடையை இறக்கி வைத்தாள். “அப்ப எங்கையில குடு. நான் தேத்தி வுடறேன்.”

கொடுத்துவிட்டேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கடலோரக் குப்பத்தில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். குட்டி மண்சுவரிலிருந்து ஓலைக்கூரைக்கு ஒரே தாவாகத் தாவியது. கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தது, இறங்கி வரவில்லை.

“நல்லாய்ட்ச்சி, இட்டுகினு போம்மா” என்றாள்.

“இங்கயே இருக்கட்டும் அக்கா.”

உடனே கிளம்ப மனம் வரவில்லை. அவள் கருவாடு புரட்டிப்போடுவதைப் பார்த்தபடி, வெயில் சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.