கயத்தாறு குக்ரியும் என் வயிற்றெரிச்சலும்

போன சனிக்கிழமை மதுரையிலிருந்து கயத்தாறு போய் வந்தேன். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பொறாமை. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் மேலாளராக இருக்கும் பிரபு, என்னைப் பார்த்துத்தான் ராணுவக் கத்திகள் சேகரிக்க ஆரம்பித்தான். மூன்றே வருடத்தில், ராணுவமே வீரர்களுக்கு வழங்கிய அசல் கத்திகள் இரண்டு அவனிடம் சேர்ந்துவிட்டன. பதினான்கு வருடமாக அலையும் என்னிடம் ஒன்றுகூட இல்லை. அவன் படம் அனுப்பும்போதெல்லாம் "அருமை" என்று பதில் போட்டுவிட்டு, அன்று முழுக்க வீட்டில் எரிந்து விழுவேன்.

இரண்டு வாரம் முன்பு, கயத்தாறு பழைய இரும்புக் கடையில் பார்த்த குக்ரி ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தான். கூர்க்கா வீரர்களின் வளைந்த கத்திதான் குக்ரி. "அண்ணே, இது ஒரிஜினலா? நீங்க சொன்னா வாங்குதேன்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடியை ஒட்டி, ராணுவப் பொருள்களில் அரசாங்கம் அடிக்கும் அம்புக்குறி, ஆண்டு, ஓர் எண். சந்தேகமே இல்லை, அசல். "டூப்ளிகேட். சுற்றுலாக் கடைச் சரக்கு, விட்டுடு" என்று எழுதினேன்.

மாட்டுத்தாவணியில் காலை 6.10 பஸ். கோவில்பட்டிக்கு நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 95 ரூபாய். சாத்தூர் தாண்டியதும் இருபுறமும் கரிசல் காடு. முந்தின நாள் மழையில் ஈரம் காயாமல் கிடந்தது. கோவில்பட்டியில் பிரபு கண்ணில் பட்டுவிடுவேனோ என்று டீ குடிக்கக்கூட நிற்காமல், அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். இடைசெவல் வழியாகக் கயத்தாறு 24 கிலோமீட்டர், 25 ரூபாய். ஒன்பது மணிக்குக் கடையில் நின்றேன்.

கடைக்காரர் குக்ரியை எடுத்துக் கொடுத்தார். பளபளவென்று மின்னியது. அம்புக்குறி இல்லை. எண்ணும் இல்லை.

"இதுல ஏதோ அடிச்சிருக்குமே, அண்ணாச்சி?"

"ஆமா, துருவோட ஏதோ எழுத்து கெடந்துது. கோவில்பட்டிக்காரர் ஒருத்தர் வாங்க வந்தாரு. மதுரையில வெவரமான ஆளுகிட்ட கேட்டாராம். அவிய டூப்ளிகேட்டுன்னுட்டாவளாம். சரி, ஷோகேஸ்ல வைக்கவாவது ஆகட்டும்னு பட்டறையில குடுத்து அரைச்சு பாலீஷ் போட்டுட்டேன். புதுசு கணக்கா இருக்குல்லா?"

"இருக்கு" என்றேன். 900 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் மடியில் அது கனத்தது. அசல் என்று எனக்குத் தெரியும். இனி ஒருத்தரும் நம்பப்போவதில்லை.

தேடிப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சிங்கத்தலைப் பிடி, பித்தளைப் பூ வேலை, கூரில்லாத லேசான அலகு என்றால் நினைவுப் பொருள். நல்ல எஃகு, ஆள் பெயர் பொறித்திருக்கிறது, அரசுக் குறி இல்லை என்றால் பெரும்பாலும் அதிகாரி சொந்தக் காசில் வாங்கியது. ராணுவம் வழங்கியது அழகாகவே இருக்காது: வெறும் பிடி, நல்ல கனம், அம்புக்குறி, ஆண்டு. பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். துருவைத் துணியால் துடைத்தால் போதும், அரைக்காதீர்கள். முக்கியமாக, அதே பொருளுக்கு ஆசைப்படுகிறவரிடம் கருத்துக் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரபு போன் செய்தான். "அண்ணே, நல்லவேளை தடுத்தீங்க. அந்தக் கத்திய கடைக்காரர் பாலீஷ் போட்டு எவனோ ஒரு வெவரங்கெட்டவன் தலையில கட்டிட்டாராம்."

"அப்படியா" என்றேன்.

பிரபு, அந்த ஆள் நான்தான். இனிமேல் கத்தி ஏதாவது கண்ணில் பட்டால் என்னிடம் கேட்காதே. எனக்கு இன்னும் பொறாமை தீரவில்லை.