பர்மனெண்டு மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் சுரங்க மாப்பிள்ளை என்றால் ஜாதகத்தைக்கூட யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். கம்மாபுரம் பக்கம் பயிர் வைத்த கொல்லையை நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சுரங்கத்தில் வேலை வாங்கியவர் என் அப்பா. அந்த வேலையில்தான் நான் சிதம்பரத்தில் படித்தேன், முதுநகரில் மாடி வீடு வந்தது. அவர் ரிட்டயர் ஆவதற்குள் நிலம் கொடுத்த வீட்டுக்கு வேலை என்கிற பேச்சே போய்விட்டது. எல்லாம் காண்ட்ராக்ட். அப்பா மட்டும் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. வருகிற வரனிடமெல்லாம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "பர்மனெண்டா, காண்ட்ராக்ட்டா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டிக்கொள்ளப் போகிறவள் நான், கேள்வி மட்டும் அவருடையது.

2009-இல் கம்மாபுரத்திலிருந்து தன் அம்மாவோடும் தாய்மாமனோடும் ஒருவர் பெண் பார்க்க வந்தார். "தம்பி சுரங்கத்துல இருக்குது" என்று தாய்மாமன் பூசி மெழுகினார். அப்பா விடுவாரா? கேட்டேவிட்டார்.

"காண்ட்ராக்ட்டுதான் மாமா" என்றார் மாப்பிள்ளை.

"யாருக்கு யாரு மாமா? அதுக்குள்ள ஒறவு கொண்டாடாதீங்க."

"எங்க கொல்லை இருந்த எடத்துலதான் இப்ப வேலை செய்யறேன். எங்க தாத்தா உழுத மண்ணு. நானே காண்ட்ராக்ட்டுன்னா, அப்புறம் அங்க யாருங்க பர்மனெண்டு?"

கதவோரம் நின்றிருந்த எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. தன் கொல்லையும் அதே குழியில் போனதை மறந்தவர் போல அப்பா, "காப்பி சாப்ட்டாச்சுல்ல, கெளம்புங்க" என்றார். அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

சம்பந்தம் முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி வரைக்கும்தான். சோறு சாப்பிட்டால் சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். இது தெரிந்துதான் நடுக்கூடத்தில் இலையைப் போட்டேன்.

"கை நனைச்சிட்டுப் போங்க."

என் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பா என் பெயரைச் சொல்லி அதட்டினார்.

"கேள்விய நீங்க கேட்டுட்டீங்கப்பா. பதில் சொல்றது நானு."

பயமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் இலையை எடுக்கவில்லை.

மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தார்.

தண்ணீர்ச் சொம்பு அப்பாவின் காலடியில் இருந்தது. நான் கையை நீட்டினேன். அப்பா கொடுக்கவில்லை.

"கொல்லைய எடுத்தப்பவும் என்னை ஒருத்தரும் கேக்கல" என்று முணுமுணுத்தபடி, தானே குனிந்து அந்த இலையில் தண்ணீர் தெளித்தார்.