பத்து லட்சத்து ஒன்று

மரகதம் போய்விட்ட செய்தி செவ்வாய்க்கிழமை இரண்டாம் பீரியடில் வந்தது. பியூன் வாசலில் நின்று, "ஏனுங்க டீச்சர், சோமனூர்ப் புள்ள காய்ச்சல்ல தவறிப்போச்சுங்களாம்" என்றார். கணக்கு டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். வகுப்பில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நாளைக் காலை இரங்கல் கூட்டத்தில் பேச என்னைச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் எழுதிக்கொடுத்த தாளில் "அடக்கமானவள், அமைதியானவள்" என்று இருக்கிறது. அவளை அறிந்த வகுப்புத் தோழிகளான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதில் இல்லை. வீட்டில் எல்லோரும் உறங்கிய பின் விளக்கைத் தணித்து வேறொரு தாளில் எழுதுகிறேன். பள்ளியிலிருந்து ஒரு புகார் வந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் முடித்துவிடுவதாக அப்பா சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்வார்.

போன மாதம் டீச்சர் போர்டில் 10,00,001 என்று எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு, மூன்று, ஐந்து என்று தொடங்கி நூறு வரையுள்ள பகா எண்களால் நம்மை வகுக்கவைத்தார். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. "அப்ப இதுவும் பகா எண்" என்று கீழே கோடு போட்டார்.

மதியம் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்தபடி மரகதம் சிரித்தாள். "நூறு ஊட்டுக் கதவத் தட்டிப்போட்டு ஊர்ல ஆளே இல்லீங்கறாங்க அம்மணி. அவன் நூத்தியோராவது ஊட்ல உக்காந்திருக்கறான்!" எண்ணை வலமிருந்து இரண்டிரண்டு இலக்கமாக வெட்டினாள்: 1, 00, 00, 01. ஒன்றைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மாற்றி மாற்றிப் போனாள். சைபர் வந்தது. "சைபர்னா நூத்தியொண்ணுல போகும்." வகுத்து வந்த 9901ஐ மறுபடி 101ஆல் பெருக்கிப் பார்த்தவள் நான். சரியாக இருந்தது.

"எதுவரைக்கும் பாக்கோணும்?" என்று கேட்டேன்.

"ஆயிரம் வரைக்கும். இத ரெண்டு எண்ணாப் பிரிச்சு, ரெண்டும் ஆயிரத்தத் தாண்டுச்சுன்னா, பெருக்குனா இதையும் தாண்டிப்போகுமல்ல? அதுவரைக்கும் பாக்காம இல்லீன்னு சொல்லக்கூடாது."

மறுநாள் வகுப்பிலும் சொன்னாள். "எந்தக் கைடுல பாத்தே?" என்றார் டீச்சர்.

"நானே போட்டதுங்க டீச்சர். நூறோட நின்னதுதான் தப்புங்க."

டீச்சர் புகார் செய்ய, தலைமையாசிரியை அறையில் அவள் சாட்சிக்கு என்னைக் காட்டினாள். "இவ போட்டதை நீ பாத்தியா?" என்று கேட்டார்கள். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாதுங்க" என்றேன். காப்பியடித்ததாக மரகதத்திடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். வெளியே வந்ததும், "பயந்துபோட்டயா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. பிறகு வரவேயில்லை.

அவள் கணக்குப் போட்ட காகிதம்கூட என்னிடம் இல்லை, அன்றே கிழித்துவிட்டேன். அவள் வழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. பஸ்ஸின் நம்பரைப் பார்த்தாலும் மனம் இரண்டிரண்டாக வெட்டுகிறது.

மரகதம் காப்பியடிக்கவில்லை. நான் பார்த்தேன். நாளை இந்த இரண்டு வரியையும்தான் முதலில் படிப்பேன். அதற்குமேல் படிக்கவிடாமல் தாளைப் பிடுங்கிக்கொண்டால், தோழிகளே, என்னிடம் கேட்க வேண்டாம்; நோட்டை எடுத்து அந்த எண்ணை நூற்றியொன்றால் நீங்களே வகுத்துப் பாருங்கள்.