அக்கானி குடித்த மோட்டார்

கருப்பட்டி காய்ச்சும் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு நாக்கு ஊறும். எனக்கு ஒரு வாடகை மோட்டார் கார்தான் நினைவில் எழுந்து புகையும்.

அன்று தங்கையின் கலியாணம். கட்டவேண்டிய தாலி என் மடியில். குளச்சல் கோயிலுக்கு ஐந்து மைல் இருக்கையில், தண்ணீர் வற்றிய எஞ்சின் சீறி நின்றுவிட்டது. சுற்றிலும் பனை, கொதிக்கும் மணல். ஒரு கிணறு கிடையாது. டிரைவரை, வெயிலை, மோட்டாரைக் கண்டுபிடித்தவனை, எல்லோரையும், தங்கச்சி கலியாணம் தவறிப்போகுமே என்று காடு கேட்கக் கத்தித் திட்டித் தீர்த்தேன்.

பனங்காட்டிலிருந்து ஒரு பெண் நிறைகுடத்தோடு வந்தாள். “இத ஊத்திப் பாரும், அய்யா.”

நுரையைக் கண்டதும் பாய்ந்தேன். “ஏட்டி, கோயிலுக்குப் போறவன்கிட்ட கள்ள நீட்டுதியா?”

“கள்ளு புளிக்கணும், அதுல யாரு சுண்ணாம்பு போடுவா? இது அக்கானி. மோந்து பாரும்!”

பதநீரேதான். அவள் அன்று காய்ச்சவேண்டிய கருப்பட்டி முழுவதும் அந்தக் குடத்தில் இருந்தது.

“காய்ச்சாண்டாமா?” என்றேன்.

“நாளைக்கும் பனை சுரக்கும். கலியாணம் நாளைக்கு வருமா?”

எஞ்சின் ஆறியதும் அவளே ஊற்றினாள். மோட்டார் இனிக்க இனிக்கப் புகைந்து உறுமியது. கைகூப்பினேன், முகம் மட்டும் கடுகடுப்பை விடவில்லை. உதவி கிடைத்த பிறகும் இறங்காத அந்தக் கோபம் இன்றும் என்னைக் கூச வைக்கிறது.

காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “தங்கச்சி மொதல்ல ஒம்ம மூஞ்சியத்தான் பாப்பா. கொஞ்சம் சிரிச்சுகிட்டுப் போவும், அய்யா.”