வாங்கிப் போகாத சீர்ப் பாத்திரம்

பரமசிவம் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. பதினாலு வயதில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிக்கெட் இல்லாமல் தில்லிக்கு ரயிலேறியவர், இன்று கரோல் பாக்கில் சொந்தக் கட்டடத்தில் பாத்திரக்கடை நடத்துகிறார். எவன் தயவும் இல்லை. சீர்ப் பாத்திரத்தில் தமிழில் பெயர் வெட்ட வேண்டுமென்றால் நொய்டாவிலிருந்துகூட அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் மெஷினைப் பிடித்தால் ‘ழ’வின் வால் ஒரு நூல் நெளியாது.

மகள் இளவரசி கடையை ஒரு ஷாப்பிங் ஆப்பில் ஏற்றிய பிறகு அவருக்குப் புதிதாக ஒரு பெருமை சேர்ந்தது. ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சையும் தேறாதவருக்கு ஊரே கூடிப் போட்ட மார்க்கு அது. பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, சாமி படத்துக்கு ஒரு சாண் மேலே மாட்டியிருந்தார்.

அந்த நட்சத்திரத்துக்குத்தான் ஆபத்து வந்தது. லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பிலிருந்து ஜலஜா என்ற அம்மாள் மகள் கல்யாணத்துக்கு ஆர்டர் போட்டிருந்தாள். பித்தளை அண்டா, இரண்டு குடம், ஜோடிக் குத்துவிளக்கு, எவர்சில்வர் சம்படங்கள். எல்லாவற்றிலும் ‘மாதங்கி – ஷ்ரவண்’ என்று பெயர் வெட்ட வேண்டும். பணம் முழுசும் கட்டியாயிற்று. கணவர் ராமமூர்த்தி சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார் என்று அவர் நம்பரையும் கொடுத்திருந்தாள்.

மூன்று சனிக்கிழமை போயிற்று. ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. முப்பது நாளுக்குள் சாமான் கைமாறாவிட்டால் ஆப்காரன் அதைக் கடைக்காரன் குற்றமாகவே எழுதி நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவான். இருபத்தைந்தாம் நாள் பரமசிவம் மகளுடைய போனிலிருந்து, ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார். தெரியாத நம்பர் என்று ராமமூர்த்தி எடுத்துவிட்டார்.

“சார், பாத்திரம் வாங்குனது பொண்ணு கல்யாணத்துக்கா, பேத்தி கல்யாணத்துக்கா? எடத்த அடைச்சுக்கிட்டுல்லா கெடக்கு.”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்கோ.” ராமமூர்த்தியின் குரல் தாழ்ந்தது. “கல்யாணம் நின்னு போச்சு சார். அந்தப் பையன் பெங்களூர்ல வேற ஒருத்தியை ரிஜிஸ்டர் பண்ணிண்டுட்டான். என் ஆத்துக்காரிக்குத் தெரியாது. அவளுக்கு ஸ்டென்ட் வெச்சு இருபது நாள்தான் ஆறது. அதிர்ச்சியா எதையும் சொல்லாதீங்கோன்னு டாக்டர் சொல்லியிருக்கார். பொண்ணும் வாயைத் திறக்காம ஆபீஸ் போயிண்டிருக்கா. ஒரு பதினஞ்சு நாள் விட்டு நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“அவ போனைத் திறந்து, பாத்திரம் வந்துடுத்துன்னு நானே போட்டுடறேன். அஞ்சு ஸ்டாரும் போடறேன். சாமான் உங்ககிட்டயே இருக்கட்டும். வேணும்னா உருக்கிக்கோங்கோ.”

வேறு கடைக்காரன் என்றால் பல்லை இளித்துக்கொண்டு சரி என்றிருப்பான். பரமசிவம் அப்படி மேலே வந்தவர் அல்ல.

“வாங்காத சாமான வாங்குனேன்னு போடுறது பொய். எங்கடையில பொய் நட்சத்திரம் கெடையாது. சனிக்கெழம வீட்டுக்கே கொண்டாந்து எறக்குதேன்.”

“ஐயோ, வேண்டாம் சார். உங்க கால்ல விழறேன்…”

பரமசிவம் போனை வைத்துவிட்டார்.

“பப்பா, ஆன்ட்டிக்கு ஹார்ட் பிராப்ளம். ரெஹ்னே தோ, விட்டுடுங்க. ஒரு ஸ்டார் போனா என்ன?” என்றாள் இளவரசி.

“என்னவா? ஒங்கப்பன் இந்த ஊர்ல எச்சித்தட்டு கழுவுனவன்ளா. அன்னைக்கு எவன் எனக்காவப் பதினஞ்சு நாள் பொறுத்தான்?”

சனிக்கிழமை காலை பேட்டரி ரிக்ஷாவில் பாத்திரங்கள் லோதி ரோட்டுக்குப் போயின. அண்டாவுக்குத் துணி சுற்றவில்லை. வெட்டிய பெயர் வெளியே தெரியட்டும் என்று திருப்பி வைத்திருந்தார். கதவைத் திறந்த ஜலஜாவுக்கு முகமெல்லாம் பல்.

“வாங்கோ, வாங்கோ! ஏன்னா, பாத்திரம் வந்துடுத்து பாருங்கோ! நீங்க அலைய வேண்டாம்னு அவரே கொண்டுவந்துட்டார்!”

ராமமூர்த்தி உள்ளிருந்து வந்தார். மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று, பரமசிவத்தைப் பார்த்துக் கை கூப்பினார். கூப்பிய கையை இறக்கவே இல்லை.

எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் எட்டிப் பார்த்து, “வாஹ் பாபிஜி, பஹுத் படியா!” என்று மெச்சினாள். ஜலஜா அண்டாவின் அருகே மெல்ல உட்கார்ந்து, மகளின் பெயர்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

“ஆப்புல நட்சத்திரம் போட்டுட்டீங்கன்னா நான் கெளம்பிருவேம்மா” என்றார் பரமசிவம்.

அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஐந்தையும் தொட்டாள். ஆங்கிலத்தில் இரண்டு வரியும் எழுதினாள். பரமசிவம் தன் போனை எடுத்து, அது ஏறிவிட்டதா என்று பார்த்தார். ஏறியிருந்தது. அதற்குப் பிறகுதான் காபியில் வாய் வைத்தார்.

“ஆவணி பதினெட்டு கல்யாணம். நீங்களும் குடும்பத்தோட அவசியம் வரணும்” என்றாள் ஜலஜா.

வருகிறேன் என்று தலையை ஆட்டியிருக்கலாம். ராமமூர்த்தியின் கூப்பிய கை அதைத்தான் கேட்டது. ஆனால் பரமசிவத்துக்குப் பொய் வராது.

“எந்தக் கல்யாணத்துக்கும்மா? அந்தப் பையந்தான் பெங்களூர்ல வேற பொண்ணக் கெட்டிட்டானே. சார் சொல்லலியா?”

ஜலஜா முதலில் சிரித்தாள். பிறகு திரும்பிக் கணவரைப் பார்த்தாள். கையை இறக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

“அப்போ நேத்து ராத்திரி பத்திரிகைக்கெல்லாம் என்னை மஞ்சள் தடவச் சொன்னேளே?” என்று கேட்டாள்.

அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பரமசிவம் மிச்சக் காபியைக் குடித்துவிட்டு, டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, படியிறங்கினார்.

நாலு நாள் கழித்து இளவரசி கடைக்குள் வந்து நின்றாள். “அந்த ஆன்ட்டியை அன்னைக்கே ஐசியூல சேர்த்துட்டாங்க பப்பா. இன்னும் பேச்சு வரல.”

பரமசிவம் பெயர் வெட்டிக்கொண்டிருந்த குடத்திலிருந்து தலையைத் தூக்கினார். “நட்சத்திரத்த மாத்திட்டாங்களா?”

“இல்ல.”

ஜலஜா எழுதிய அந்த இரண்டு வரியையும் பிரிண்ட் எடுத்து, நட்சத்திரத்துக்குக் கீழே மாட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே கல்யாணப் பாத்திரம் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அதைக் காட்டி, “சத்தமா வாசிங்க” என்பார். அவர்களும் வாசித்து, தமிழில் சொல்லிவிட்டுப் போவார்கள்: இப்படி ஒரு நல்ல மனிதரைத் தில்லியில் நான் பார்த்ததே இல்லை.