தலைக்கிறிஸ்துமஸ் சீர்

இராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். பையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வேட்டி சேலையும் இருக்கின்றன. வேதக்கார வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போன மகளுக்கு இது முதல் கிறிஸ்துமஸ். தலைதீபாவளிக்குச் சீர் செய்வது எங்கள் வழக்கம். அவளுக்கு இனி இதுதான் தீபாவளி. எங்கள் வீட்டில் வேறு யாரும் வரச் சம்மதிக்கவில்லை. நான் கொடுக்காமல் திரும்புவதாக இல்லை.

சர்ச் தெருவில் வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் தொங்குகிறது. குழாயடியில் நிற்கும் பெண்ணிடம் கூச்சத்தோடு கேட்கிறேன்.

"புதுசா மருமக வந்த வீடு எதும்மா?"

"ஸ்டார் கட்டாத வீடு அண்ணாச்சி. எங்கப்பா வந்துதான் கட்டணும்னு அந்தப் பிள்ளை ஒத்தக்கால்ல நிக்கா. அந்த மனுசன் எங்க வரப்போறாரு?"

"வந்துட்டேம்மா," என்கிறேன். "ஏணி இருந்தா செத்த குடுங்க."