பானெட்டில் காய்ந்த சந்தனம்

ஆயுத பூஜைக்கு எங்கள் காரின் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தவர் என் கணவர். மறுநாளே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்து நாள் கழித்து அவர் திரும்பி வரும்போது கார் பளிச்சென்று இருக்கட்டும் என்று, எங்கள் செம்பூர்த் தெருப் புழுதியோடு காய்ந்திருந்த பொட்டைப் பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரால் தேய்த்துவிட்டேன். நீல பெயின்ட் முழுக்கக் கீறல்.

அவர் விரலால் தடவிப் பார்த்தார். "முதல்ல தண்ணி விட்டு ஊற வெச்சிருக்கணும், ஜெயா. போகட்டும், இனிமே நான் எங்க ஓட்டப் போறேன்?" என்றார். அந்த மாதமே போய்விட்டார்.

இப்போதெல்லாம் பொட்டை முன்கண்ணாடியில்தான் வைக்கிறேன். அன்று மாலையே ஊறவைத்து, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுக்கிறேன். பாலிஷ் போட்டால் பழைய கீறல் மறைந்துவிடுமாம். காரில் அவர் கடைசியாகத் தொட்ட இடம் அது. போடவில்லை.